வால்வு திறந்தபோது

குழாய் எரிவாயு இணைப்புக் கொடுக்க வந்த எபினேசர், கடைசி மரையை முறுக்கிவிட்டு வால்வைத் திறந்தார். கசிவு பார்க்கச் சோப்பு நுரையைத் தடவுவதற்குள் பின்னால் நின்ற அந்த வீட்டுப் பெண் வசுமதி, "நாத்தம் வருது!" என்று கத்தினாள்.

அவர் இணைப்பில் தடவியதும் நுரை குமிழ்குமிழாகப் பொங்கியது. அவர் சட்டென்று வால்வை அடைத்து, ஜன்னலைத் திறந்து, "எந்த சுவிட்சையும் தொடாதீங்கம்மா, வெளிய வாங்க!" என்று அவளை மாடிப்படிக்கு விரட்டினார். அங்கே அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பயப்படாதீங்க, அடைச்சாச்சு."

"பயமில்ல சார். காய்ச்சல் வந்து ரெண்டு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது. எம்புள்ள தலைய மோந்தாக்கூட ஒண்ணும் இருக்காது. இப்ப வந்தது நெசந்தானா?"

"அழுகின முட்டை மாதிரியா?"

"ஆமா, ஆமா!"

"அதேதாம்மா. கசிஞ்சா தெரியணும்னு அப்படிக் கலந்து விடுறாங்க."

"இன்னொரு தடவை லேசா திறங்களேன்."

"ஐயோ, அது மட்டும் முடியாது."

வசுமதி வெறுங்காலுடன் ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் கரண்டியோடு திறந்த பெண் வாய் திறக்குமுன், "அக்கா, அடுப்புல என்னன்னு சொல்லாதீங்க, நான் சொல்றேன்" என்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.