வளைவு விளக்கின் பாட்டரி

"ஏனுங்க முஸ்தபா, விளக்குக் கம்பத்துப் பாட்டரிப் பெட்டியோட பூட்டை உடைச்சது நீங்கதானே?"

ஊராட்சித் தலைவி முத்தாத்தாள் பட்டறைக்குள் நுழைந்ததுமே கேட்டாள். மேசை மேல், தெரு வளைவிலிருந்த சூரிய விளக்கின் பாட்டரி. பஞ்சாயத்துப் பேர் எழுதியிருந்தது.

"நானேதாங்க்கா" என்றார் முஸ்தபா.

"காத்தால நான் பார்த்தனல்லங்க! சைக்கிள்ல வெச்சுக் கட்டிட்டுப் போனாரு" என்றாள் கூட வந்த செல்லாத்தாள்.

முத்தாத்தாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கரண்ட் லைனே வராத காலனி அது. தேர்தலில் ஜெயித்த கையோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அவள் வாங்கி வந்த மூன்று விளக்குகளில் இது ஒன்று. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

அதற்கு முன்னால் தெருவுக்கு வெளிச்சம் தந்தது முஸ்தபாவின் வாடகை ஜெனரேட்டர்தான். பொழுது சாய்ந்தால் நாலு லிட்டர் டீசல் குடித்துப் புகை கக்கும். கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் கரி படியும். கைக்குழந்தைகள் இருமும். சூரிய விளக்கு எரிந்த அன்றைக்கே அவள் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"போன வாடகை திரும்பி வரோணும்னு விளக்கைக் கெடுத்தீங்களாக்கும்? மறுபடியும் அந்தப் புகையைக் குடிக்கோணுமா நாங்க?"

"இல்லீங்க்கா. அதுல ரெண்டு செல் செத்துப்போச்சு. நாலு நாளா மங்கித்தான் எரிஞ்சுது. புதுசு வர ஒரு மாசம் ஆகும்னு கிளார்க் சொன்னாரு."

"அதுக்குப் பூட்டை உடைப்பீங்களா? எங்கிட்டக் கேட்டா சாவி தரமாட்டனா?"

"நீங்க குன்னத்தூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. பூட்டை உடைச்சது தப்புத்தானுங்க."

"தப்புன்னாப் போதுமா? பனியன் கம்பெனி விடற நேரமாச்சு. வளைவுல சுவரில்லாத கெணறு. வேலைக்குப் போன புள்ளைங்க இருட்டுல எப்படிங்க வரும்?"

முஸ்தபா வாய் திறப்பதற்குள், வாசலிலிருந்து செல்லாத்தாளின் குரல் வந்தது.

"அக்கா, வளைவு விளக்கு எரியுதுங்க."

முத்தாத்தாள் வெளியே வந்து பார்த்தாள். ஆறு மாதத்தில் இப்படிப் பளிச்சென்று அது எரிந்ததில்லை. டிபன் டப்பாவும் கையுமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் பேசிச் சிரித்தபடி கிணற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பினாள். "பாட்டரி இங்க இருக்குது. அங்க எப்படிங்க எரியுது?"

முஸ்தபா தயங்கித் தயங்கி மூலைக்குப் போனார். ஜெனரேட்டரை மூடியிருந்த சாக்கை விலக்கினார். உள்ளே வெறும் வயர் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதோட பாட்டரியைத்தானுங்க கழட்டி அங்க மாட்டியிருக்கறன். இனி இது ஸ்டார்ட் ஆகாதுங்க்கா."