முதுகு

ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முதுகு'.

வேறென்ன வைப்பார்கள்? பேஸ் கிடார் வாசிக்கிற மனுஷன், மேடையேறியதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்ஸைப் பார்த்து நின்றுவிடுவார். கடைசிப் பாட்டு முடிகிற வரை திரும்ப மாட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் அவர் சட்டைத் தையலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரே ஆல்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிய ராக் குழு அது. முதல் வருஷம் அவரும் எல்லாரையும் போல முன்னால் பார்த்துத்தான் வாசித்தார். நடுவில்தான் இந்தப் புத்தி வந்தது. முதலில் ஸ்டைல் என்றார்கள். பிறகு தலைக்கனம் என்றார்கள். போன மாதம் யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் அவர் தோளில் வந்து விழுந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை.

பாடகனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. குழு அவனுடையது, பாட்டெல்லாம் அவன் எழுதியது. ஆனால் பேஸ்காரர் அவன் அண்ணனின் பள்ளிக்கூடத் தோழர், வயதில் மூத்தவர். கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். அப்படி நின்றால்தான் கை ஓடுகிறதாம்.

டிரம்ஸ் வாசிக்கும் அண்ணனிடம் முறையிடலாமென்றால், அண்ணன் முகம் கொடுத்துப் பேசியே மாதக்கணக்காகிறது. பஸ்ஸில் ஏறியதும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கூப்பிட்டால் பதில் வராது. பேரும் புகழும் தம்பிக்கே போகிறது என்ற கசப்பு என்று பாடகன் நினைத்துக்கொண்டான். அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்ததே அண்ணன்தான். அதனால் அந்த மௌனம் அவனுக்கு ரொம்பவே வலித்தது.

இன்று டூரின் கடைசி நாள். பெரிய இசை விழா, நேரடி ஒளிபரப்பு வேறு. காலையிலிருந்து விடாத தூறல், மைதானம் முழுக்கச் சேறு. மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்தில் பாடகன் பேஸ்காரரை ஓரமாக அழைத்துப் போனான்.

"இன்னைக்காவது ஜனங்களைப் பார்த்து நில்லுங்க. திரும்பினீங்கன்னா, இதான் நாம சேர்ந்து ஏறுற கடைசி மேடை."

"இன்னும் ஒரு நாள்தானே தம்பி. விட்டுடேன்."

முடியாது என்றான். பேஸ்காரர் கூடார மூலையைப் பார்த்தார். அங்கே அண்ணன் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து முழங்காலில் குச்சியைத் தட்டிக்கொண்டிருந்தார். சரி என்று இவர் தலையாட்டினார்.

முதல் இரண்டு பாட்டும் அண்ணனே குச்சி தட்டி ஆரம்பித்து அண்ணனே முடிக்கிறவை. அதுவரை பேஸ்காரர் கூட்டத்தைப் பார்த்தே நின்றார். முதுகுக்கு ஒரு முகமும் இருக்கிறது என்று கண்டுபிடித்த கூட்டம் விசிலடித்தது.

மூன்றாவது, ஆல்பத்திலேயே பேர் வாங்கிய பாட்டு. நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் சட்டென்று நிறுத்துவார்கள். ஒரு மூச்சு நேரம் மைதானமே நிசப்தமாகும். பிறகு சேர்ந்து எடுப்பார்கள். அந்த இடத்துக்காகவே ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தார்கள்.

எல்லாரும் நிறுத்தினார்கள். அண்ணன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் சிரித்தது. பேஸ்காரர் விருட்டென்று டிரம்ஸ் பக்கம் திரும்பி கிடாரின் கழுத்தை உயர்த்தினார். டிரம்ஸ் நின்றது. கழுத்தைத் தாழ்த்தினார், மறுபடி எடுத்தது. அதற்குப் பிறகு அவர் முன்பக்கம் திரும்பவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பாடகன் அவரைப் பிடித்துக்கொண்டான். இவர் செய்த கோமாளித்தனத்தில் அண்ணனே தடுமாறிப் போனாராம். ஊர் பார்க்க மானம் போயிற்றாம். இனி அவர் குழுவில் வேண்டாம், கிளம்பலாம் என்றான்.

"ஏன் இப்படிப் பண்றீங்கன்னாவது சொல்லிட்டுப் போங்க."

"அதை நான் சொல்லக் கூடாது தம்பி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

கிடாரைப் பெட்டியில் வைத்தார். சேற்றில் இறங்கி, வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

வெளியே கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டுக் கத்தியது. பாடகன் மேடைக்குத் திரும்பினான். அண்ணன் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நனைந்த டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னொரு பாட்டு கேக்குறாங்க."

பதில் இல்லை. பாடகனுக்கு வழக்கமான கோபம் வந்தது. இன்னும் கிட்டப் போய் உரக்கக் கூப்பிட்டான். அண்ணன் அசையவில்லை. அப்போதுதான் பார்த்தான். ஹெட்ஃபோன் அண்ணன் காதில் இல்லை. டிரம்ஸ் பெட்டி மேல் கிடந்தது. அதன் ஒயர் எதிலும் செருகாமல் சும்மா தொங்கியது.

சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றான். தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"சுத்தமா கேக்கலையாண்ணே?"

அண்ணன் அவன் உதட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தெரிஞ்சிருந்தா டூரைப் பாதியிலயே நிறுத்தியிருப்பே. இந்த ஆல்பத்துக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்டா. எங்க நிறுத்தணும், எங்க எடுக்கணும்னு அவன்தான் என் எதிர்ல நின்னு காட்டினான்." பிறகு மேடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "எங்க அவன்? வரச் சொல்லு, வாசிப்போம்."

பாடகன் வாசல் பக்கம் பார்த்தான். கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவன் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய், முதுகு வழக்கமாக நிற்கிற இடத்தில் அண்ணனைப் பார்த்து நின்று பாட ஆரம்பித்தான்.

நிறுத்த வேண்டிய இடத்தில் ஸ்டாண்டை உயர்த்தினான். அண்ணன் நிறுத்தினார். தாழ்த்தினான். அண்ணன் எடுத்தார்.

"இவனுக்கும் தலைக்கனம் வந்தாச்சு" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து பாடகனின் தோளில் விழுந்தது.

அவன் திரும்பவில்லை.