மதியம் வராத போன்

சிவகாசி காலண்டர் அச்சகத்தில் டீ வந்ததும் விக்னேஷ்வரனின் போன் அடித்தது.

"சரி அருணா. மதியம் கூப்பிடாத, சாப்பிடு," என்று சொல்லி வைத்தான்.

மெஷின்காரர் ராக்கப்பன் சிரித்தார். "ஏலே, உம் பொண்டாட்டிக்கு எதுக்கு இம்புட்டுப் பயம்? டீக்கு ஒரு போனு, சோத்துக்கு ஒரு போனு! நீ என்ன வெடிக் கம்பெனியிலயா இருக்க? காகிதந்தான அடுக்குற!"

"பயம் அவளுக்கில்லண்ணே, எனக்கு."

"என்னலே சொல்ற?"

"கேஸ மூடுனமா, பிள்ளைக்குக் காய்ச்சலான்னு எந்நேரமும் மனசு அடிச்சுக்கும். அவ வீட்டுல இருந்தப்பவும் இப்படித்தான். பதற்ற நோயின்னு டாக்டரம்மா மாத்திர குடுத்திருக்காக. அவ குரலக் கேட்டாத்தான் எனக்கு வேல ஓடும். வெடிக் கம்பெனியில இருக்கிறது அவதான்ணே, நாரணாபுரத்துல."

ராக்கப்பன் டீயைக் கீழே வைத்தார்.

"அங்க உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுண்ணே. எனக்காகப் போன் பேச வெயில்ல கேட் வரைக்கும் நடந்து வருவா. பாதி நாளு சாப்பிடாமலே திரும்பிருவா. ஒரு நாளும் சலிச்சுக்கிட்டதில்ல. கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா கவல கூடத்தான் செய்யும்னு டாக்டரம்மா சொன்னாக. அதான் இன்னிக்கு வேண்டாம்னேன்."

சாப்பாட்டு நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. விக்னேஷ்வரன் போனை எடுத்தான். கூப்பிடாமல் ராக்கப்பனிடம் நீட்டினான்.

"வச்சிருங்கண்ணே. கேட்டாலும் குடுக்காதீக."

சோற்றைப் பிசைந்தான். இந்நேரம் அருணாவும் நிழலில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமானதிலிருந்து அவளைப் பற்றி அவன் நல்லதாகக் கற்பனை செய்தது அதுதான் முதல் தடவை.