ஏற்காட்டு அண்ணனின் பதில்

காலை பத்தே முக்காலுக்கு, மூன்றாம் முறையாக, மெர்லின் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் சின்னப் பயண ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வீட்டு ரவுட்டர் கெட்டுப்போயிருந்தது. செல்போனுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பதினொரு மணிக்கு வேலைக்கான வீடியோ நேர்காணல்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒரு இணையதளமும் திறக்கவில்லை.

"பச்சையாத்தானே எரியுற, சனியனே! அப்புறம் என்ன நோவு உனக்கு?" என்றாள்.

சுவரிலிருந்த மோடமும் ரவுட்டரிடம் அதையே கேட்டது. "லைன் நல்லாத்தான் இருக்கு. ஏண்டா சும்மா நிக்கிற?"

"சும்மா நிக்கலைங்க. தளத்தோட பேரைச் சொல்லி முகவரி கேட்டிருக்கேன். பதில் வரணும்."

"யார்கிட்ட கேட்ட?"

"ஏற்காடு லாட்ஜ் டி.என்.எஸ். அண்ணன்கிட்ட. போன வாரம் அங்க தங்கினப்போ எந்தப் பேரைச் சொன்னாலும் உடனே முகவரி சொன்னாருங்க. தங்கமான மனுஷன்."

"அட மடையா, நீ இப்ப மெர்லின் வீட்டுல இருக்க. இங்கேயிருந்து கூப்பிட்டா லாட்ஜுல இருக்கிறவருக்கு எப்படிடா கேக்கும்? என்னைக் கேளு, நான் சொல்றேன்."

"கோவிச்சுக்காதீங்க. உங்களை இன்னிக்குத்தான் தெரியும். தெரியாதவங்ககிட்ட முகவரி கேட்டுப் பழக்கமில்லை."

"அவர் பதில் சொல்லலைன்னா?"

"மறுபடி கேப்பேன்."

தலையில் அடித்துக்கொள்ள மோடத்துக்குக் கை இல்லை.

மெர்லின் நான்காம் முறையாக அணைத்துப் போட்டாள். ரவுட்டர் கண் விழித்ததும் முதல் வேலையாக ஏற்காட்டு அண்ணனைக் கூப்பிட்டது. பதினொரு மணி ஆனது. பதினொன்றேகாலும் ஆனது.

ஆகஸ்ட் நான்காம் தேதி அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்தார்.