அறுபத்து மூன்று கோடுகள்

வாளியில் கலக்கி வைத்த சுண்ணாம்பின் மேல் ஏடு படியத் தொடங்கிவிட்டது. கொத்தனார் ராக்கப்பன் இன்னும் எழுந்திருக்கவில்லை. புகை பிடிக்காதீர் என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பூச வேண்டிய சுவருக்கு முன்னால் இருபது டூரிஸ்டுகளை நிறுத்திவைத்துக் கைடு சுதாகர் கதையளந்துகொண்டிருந்தான்.

அமுதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தீவின் குன்று மேல் வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளை அடைத்துவைத்த பாரக்கைச் சுற்றி அரசாங்கம் வேலி போட்டது. நடைபாதை போட்டது. பாரம்பரியப் பூங்கா என்று பலகை நட்டது. அன்றிலிருந்து அவள் அங்கே தினக்கூலி. கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, சுவரில் காதலி பெயரைக் கிறுக்குகிறவர்களை விரட்டுவது.

அந்த ஒரு சுவரைப் பூச வைக்க நான்கு மாதமாக ஆபீஸ் படியேறி இறங்கியிருந்தாள். ஓதம் என்றாள். செங்கல் உதிர்கிறது என்றாள். யார் தலையிலாவது விழுந்தால் நீங்கள்தான் ஜவாப் சொல்ல வேண்டும் என்று மிரட்டிய பிறகுதான் ஒரு மூட்டைச் சுண்ணாம்புக்கு உத்தரவு வந்தது.

நாளைக் காலை சென்னைக் கப்பல் வருகிறது. அதற்குள் சுவர் வெள்ளையாகிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சுவரில், ஜன்னலை ஒட்டி, மார்பு உயரத்தில் அறுபத்து மூன்று கோடுகள். ஆணியால் கீறியவை. சுதாகருக்குச் சோறு போடுவதே அந்தக் கோடுகள்தான்.

விடுதலைக்கு ஏங்கிய ஒரு கைதி மாதத்துக்கு ஒன்றாகக் கீறியது என்பான். வங்காளிக் கூட்டம் வந்தால் கைதி வங்காளி. பஞ்சாபிலிருந்து வந்தால் சர்தார். போன வாரம் மதுரையிலிருந்து ஒரு கும்பல் வந்து இறங்கியதும் அவன் மேலூர்க்காரன் ஆகிவிட்டான்.

கேட்டவர்களாவது சும்மா போகிறார்களா? ஒரு அம்மாள் சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். இன்னொருவர் ஊதுபத்தி கொளுத்தினார். அவர்கள் வைத்துவிட்டுப் போகிற சாமந்திப்பூவைக் கூட்டி அள்ளுவது யார்? அமுதம்தான்.

"சுதாகர் தம்பி, ஜல்தி முடிப்பா. இங்க சுண்ணாம்பு பூரா கெட்டியாவுது."

அவன் திரும்பாமலேயே கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.

கூட்டத்தோடு கூட்டமாகத் தொப்பி போட்டு நின்றவர் ஆபீஸர் என்பது அப்போதுதான் தெரிந்தது. சுதாகர் வேலை மெனக்கெட்டுக் கூட்டி வந்திருக்கிறான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது. சாயங்காலத்துக்குள் கண்ணாடி போட வேண்டும். ஒரு விளக்கு. மூன்று மொழியில் பலகை.

நான்கு மாத அலைச்சல் நாலே நிமிஷத்தில் போயிற்று. ராக்கப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு, தப்பித்தோம் என்ற முகத்தோடு படியிறங்கினான்.

அறுபத்து மூன்றோடு ஏன் நின்றுவிட்டது என்று ஆபீஸர் கேட்டார். சுதாகர் தினமும் விடுகிற பெருமூச்சை விட்டான். தூக்கா, விடுதலையா, அது இந்தச் சுவருக்குத்தான் தெரியும் என்றான்.

அமுதத்தின் பொறுமை அத்தோடு தீர்ந்தது.

"தூக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கப்பலப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு, ஆணியத் தூக்கி எறிஞ்சாச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். கைதிக்கு எங்கேயம்மா கப்பல் என்று ஆபீஸரும் சிரித்தார்.

அவள் திரும்பிக்கொண்டாள். ஜன்னல் வழியாக ஹாடோ துறைமுகம் பளிச்சென்று தெரிந்தது. எந்தக் கப்பல் உள்ளே திரும்பினாலும் இங்கிருந்து பார்த்துவிடலாம்.

பூங்கா ஆவதற்கு முன்னால் இந்தப் பாழடைந்த பாரக்கில் ஏழு குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தன. இந்த ஜன்னல் அவளுடையது. ஆபீஸில் இன்று யாருக்கும் அது ஞாபகமில்லை. இதையெல்லாம் கீறியது யார் என்று சுதாகர் முதன்முதலில் கேட்டபோது, எவனாவது கைதியா இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்றுதான் அவள் புருஷன் மத்தியாஸ் மெயின்லேண்ட் போனான். மகன் டெர்வின் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அடுத்த கப்பலில் மத்தியாஸ் வரவில்லை. அதற்கடுத்த கப்பலிலும் வரவில்லை. கப்பலுக்கு ஒரு கோடு.

போன மறுநாளே அவனைத் தலைமுழுகிவிட்டேன் என்றுதான் அவள் இத்தனை வருஷமாக ஊருக்கும் மகனுக்கும் சொல்லிவந்தாள். டெர்வின் அதைப் போனில் அப்பனிடமும் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

நாளை, மகன் கல்யாணத்துக்காக மத்தியாஸ் கப்பலிலிருந்து இறங்குகிறான். டெர்வின் அவனை நேரே இங்கேதான் கூட்டி வருவான். சுதாகர் எந்த ஊர் என்று கேட்பான். கைதியைத் தூத்துக்குடிக்காரன் ஆக்குவான். கண்ணாடிக்கு வெளியே விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணிக் காட்டுவான்.

உலகமே அதை நம்பட்டும். மத்தியாஸ் நம்பமாட்டான்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தது அவன்தான். அன்று அதில் ஒரு கோடுகூட இல்லை.