வீட்டுக்காரரின் போன்சாய்

“என் போன்சாய் மேல யாரும் கை வைக்கக் கூடாது!” இதுதான் கணவனின் உத்தரவு. தொட்டியில் வளரும் அந்தக் குட்டை மரத்தை வாங்கி வந்த நாளிலிருந்து தண்ணீர் தெளிப்பது, வெயில் பார்த்துத் திருப்பி வைப்பது, கிளை நறுக்குவது எல்லாமே அவன்தான்.

வெளியூர் வேலை வந்தபோது வேறு வழியில்லாமல் மனைவியிடம் ஒப்படைத்தான்.

“குழந்தை மாதிரி பாத்துக்கணும். உன் கையில ரோஜாச் செடியே தங்காது!”

அவளும் குழந்தை மாதிரியேதான் பார்த்துக்கொண்டாள். நினைத்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். வேர் அழுகி, ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது.

தொட்டியோடு தூக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினாள்.

“அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு வேணும். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்.”

நர்சரிக்காரர் அந்த நீலத் தொட்டியை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

“அட, இந்தத் தொட்டியா? போன மாசம் சாரே ரெண்டு தடவை தூக்கிட்டு வந்தாரேம்மா. ‘வீட்டம்மாவுக்குத் தெரியவே கூடாது’ன்னு சொல்லி வேற மரம் வச்சு வாங்கிட்டுப் போனார்!”

ஊரிலிருந்து திரும்பியவன் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னலோரம் போனான். மரம் பச்சைப் பசேலென்று நின்றது.

“பாத்தியா, என் கைராசியை! நான் வளர்த்த மரம் அவ்வளவு லேசுல சாகாது.”

“ஆமாங்க,” என்றாள் மனைவி. “நர்சரிக்காரரும் அதையேதான் சொன்னார்.”