பின் இருக்கை

நெற்றியைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போடாமல் அன்புராசா எந்த வேலையையும் தொடங்குவதில்லை. கனடாவின் ஸ்காபரோவில் காரை ஸ்ரார்ட் பண்ணும்போதும் அப்படித்தான்.

அன்று ஸ்ரௌவ்வில்லுக்கு வெளியே, அறுத்து முடிந்த சோளவயலில் படப்பிடிப்பு. அவர் துணை நடிகர். பழைய அமெரிக்கக் கதை. வண்டில்களில் குடியேற வந்த குடும்பங்களை ஒரு மதக் கூட்டம் வெள்ளைக்கொடி காட்டி வெளியே அழைத்து, கடவுளின் பெயரால் சுட்டுக் கொல்கிறது. நடந்ததைச் சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகளை மட்டும் கொன்றவர்களே வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறார்கள்.

சுடுகிறவர்களில் ஒருவராக நிறுத்தி, துவக்கைக் கையில் தந்ததும் அன்புராசா வழக்கம்போலச் சிலுவை போட்டார். பிறகு சுட்டார். இயக்குநருக்கு அது பிடித்துப்போனது. பின்னேரம்வரை அதையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அன்புராசா மறுக்கவில்லை.

திரும்பி வரும்போது, டாஷ்போர்டில் இருந்த அந்தோனியார் சிலையை அவர் பார்க்கவில்லை. பின் இருக்கையில் பெல்ட் போடவில்லையென்று கார் விடாமல் மணி அடித்தது. பின்னால் ஒருவரும் இல்லை. சிக்னலில் நின்றபோது கையை நீட்டி பெல்ட்டைக் கொழுவினார். சத்தம் நின்றது.

வீட்டு வாசலில் மனைவி பேர்ணடெற் கார்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது ஆற்றை பிள்ளை? பாவம், பசிக்களையில இருக்குதுபோல."

அன்புராசா திரும்பினார். மண் படிந்த பழங்காலத்து நீளச் சட்டையோடு ஒரு சின்னப் பிள்ளை, பெல்ட்டுக்குள் இருந்து அவரையே பார்த்தது.

பயத்தில் அவருடைய கை தானாக நெற்றிக்குப் போனது.

பிள்ளை கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டது.